ஒயினுக்குத் திராட்சை நடலாமா?

உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதி விவசாயிகள் சிலர், "மலிவு விலைச் சிவப்பு ஒயின் நன்றாக விற்கிறதாமே, அதற்கான திராட்சையை நாமும் நடலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல்தூண், கம்பி, பந்தல் என்று முதலிலேயே பெருஞ்செலவு வைக்கும் பயிர் திராட்சை. நட்டுவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். ஆகவே நாசிக்கில் நடந்ததை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

நாசிக்கில் வளர்ந்த ஆலை

நாசிக் அருகே கங்காபூர் அணைப் பக்கம் தம் குடும்ப நிலத்தில் 1997-இல் ராஜீவ் சாமந்த் ஒயின் ரகத் திராட்சையை நட்டார். 1999-இல் ஆலை அமைந்தது. 2000-இல் 'சூலா' என்ற பெயரில் முதல் ஒயின் வெளிவந்தது. சொந்த நிலத்துப் பழம் போதாமல், சுற்றுவட்டார விவசாயிகளுடன் ஒப்பந்தம் செய்து கொள்முதல் செய்தது ஆலை. 2001-இல் மகாராஷ்டிர அரசு, அம்மாநிலத் திராட்சையில் தயாராகும் ஒயினுக்கு வரிச் சலுகை அளித்தது. உயர்ந்த விலைப் புட்டிகளுடன் 'மதேரா', 'சமரா' போன்ற குறைந்த விலை ஒயின்களும் இந்நிறுவனத்திலிருந்து வருகின்றன. 2022-இல் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன.

ஸ்பெயினில் வழி வேறு. அங்கு போர்கா என்ற சிற்றூரில் 1958-இல் திராட்சை விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2001-இல் பக்கத்து ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து 'போர்சாவோ' என்ற ஒரே ஆலையாயின. மழை குறைந்த கல்லாங்காட்டிலும் தாக்குப்பிடிக்கும் 'கர்னாச்சா' ரகமே அங்கு முக்கியம். பல பேர் பழம் ஓர் ஆலையில் சேர்வதால் செலவு குறைகிறது. நல்ல சிவப்பு ஒயினைச் சாதாரண விலைக்குக் கொடுக்க முடிகிறது.

சர்க்கரைதான் கணக்கு

பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகிறது. தோலுடன் சேர்த்துப் புளிக்க விடுவதால் சிவப்பு நிறம் இறங்குகிறது. சுமார் 12 சதச் சாராயம் வேண்டுமானால் சாற்றில் 22 பிரிக்ஸ் அளவு சர்க்கரை இருக்க வேண்டும். நம் பன்னீர் திராட்சை பெரும்பாலும் 15, 16 பிரிக்ஸ் அளவில் அறுவடையாகிறது. எனவே சர்க்கரை சேர்க்காமல் அதில் அந்த அளவு சாராயம் கிடைக்காது.

மகசூலையும் பார்க்க வேண்டும். பன்னீர் திராட்சை எக்டேருக்கு 30 டன் வரை தரும். ஒயின் ரகத்தில் பழத்தின் தரத்துக்காகக் குலைகளைக் குறைத்து, ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் கீழேதான் மகசூல் எடுப்பார்கள். எடுத்துக்காட்டாக, 30 டன்னைக் கிலோ 30 ரூபாய்க்கு விற்றால் 9 லட்சம். 12 டன்னைக் கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் 6 லட்சம்தான். கிலோ விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

நாசிக் விவசாயிகள் பட்ட பாடு

2001-க்குப் பிறகு நாசிக் பகுதியில் பலர் ஒயின் ரகங்களுக்கு மாறினார்கள். 2008-இல் உலகப் பொருளாதார மந்தமும், நவம்பரில் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து ஒயின் விற்பனை சரிந்தது. தொட்டிகள் நிறைந்த ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன. ஒயின் ரகப் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது. பழக்கடையில் அதற்கு மதிப்பில்லை. பலர் கொடியையே வெட்டி எறிய நேர்ந்தது. பன்னீர் திராட்சைக்கு இந்த ஆபத்து குறைவு. ஆலை வாங்காவிட்டாலும் உழவர் சந்தையும் பழ மண்டியும் இருக்கின்றன.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை

1. நீர்: திராட்சை உப்பைத் தாங்காது. மண்ணின் உப்பு அளவு (மின்கடத்தும் திறன்) 1-க்குக் குறைவாக இருக்க வேண்டும். நொய்யல் கரையோரம் சாயக்கழிவால் கெட்ட கிணறுகள் உள்ள இடங்களில் மண், நீர் பரிசோதனை செய்யாமல் ஒரு கொடிகூட நட வேண்டாம். ஓரளவு உப்புள்ள நிலத்துக்கு 'டாக்ரிட்ஜ்' வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று ஏற்றது.

2. ஆள்: கவாத்து, கொடி கட்டுதல், மருந்தடிப்பு, அறுவடை எல்லாம் குறித்த நாளில் நடக்க வேண்டும். பனியன் கம்பெனிக் கூலியோடு போட்டியிட்டு ஆள் பிடிக்க முடியுமா என்று பாருங்கள்.

3. ஒப்பந்தம்: திருப்பூரில் ஆர்டர் கைக்கு வராமல் யாரும் துணி வெட்டுவதில்லை. திராட்சைக்கும் அதுவே விதி. விலை, பிரிக்ஸ் அளவு, எடுக்கும் நாள், பணம் தரும் தவணை, ஆலை வாங்க மறுத்தால் இழப்பீடு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

4. சட்டம்: உரிமமின்றி ஒயின் தயாரித்து விற்பது குற்றம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், தோட்டத்திலேயே ஆலை வைத்து விற்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

இன்றைய நிலையில் ஒயின் ரகத்தை நம்பி முழுத் தோட்டத்தையும் மாற்றுவது உகந்ததல்ல. திராட்சை மேல் ஆசையுள்ளவர்கள் முதலில் அரை ஏக்கரில் பன்னீர் ரகத்தை நட்டு, டிசம்பர்-ஜனவரியிலும் மே-ஜூனிலும் கவாத்து செய்து, ஆண்டுக்கு இரு போகம் எடுத்துப் பழகலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களை ஒருமுறை நேரில் பார்த்து வருவது நல்லது. மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன்பெறலாம்.