பின்னால் நிற்பதுதான் பண்டம்

தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கருவாட்டுச் சம்பல். மூன்றிலும் பின்னால் நிற்பதுதான் பண்டம். உள்ளே என்ன விழுந்தது என்பதை முன்சொல் சொல்லிவிடும். இலங்கை மலைநாட்டு ஊர்ப்பெயர்களும் இதே கைப்பக்குவத்தில் ஆனவைதான்.

அக்கரப்பத்தனையையே எடுத்துக்கொள்வோம். காதில் விழும்போது யாரோ ஒரு பக்தனைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. கடைசியில் வேற்றுமை உருபு போல ஓர் ஐகாரம் வேறு. பக்தனும் இல்லை, உருபும் இல்லை. சிங்களத்தில் 'பத்தன' என்றால் மலைப் புல்வெளி. கொட்டகலைப் பக்கம், ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கும் ஊரின் பெயர் வெறும் பத்தனை. சேர்மானம் எதுவும் சொல்லாமல் "சம்பல் கொண்டா" என்பதுபோல.

சிங்களச் சொல் தமிழ் வாயில் எப்படிப் பதமானது? இரண்டு வேலை நடந்திருக்கிறது. ஒன்று, கடைசித் தாளிப்பு: அகரத்திலோ ஏகாரத்திலோ முடிந்த சொல்லுக்கு ஐகாரம். தலாவ, தலாவை ஆனது. இன்னொன்று, பிசைதல். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைத் 'த' வந்தால் தேத்தண்ணியில் ஊறிய ரொட்டியாகக் குழைந்துவிடும். பத்தனையின் மூலத்தில் ஒற்றையாக நிற்கும் வல்லோசை கெடாமல் இருக்க, 'த்த' என்று இறுக்கிப் பிசைந்தார்கள்.

அந்தப் பிசைதலின் அருமை தெரிய வேண்டுமானால் தலவாக்கலையையும் கொட்டகலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 'கலை'; உப்பும் சீனியும் மாதிரி, நாக்கில் வைத்தால்தான் தெரியும். கொட்டகலையில் இருப்பது 'கல', அதாவது பாறை. தலவாக்கலையில் இருப்பது 'கெலே', காடு. ஒற்றைக் 'க'வில் பாறை, இரட்டைக் 'க்க'வில் காடு! இதற்கு அகராதி தேவைப்பட்டிருக்காது, காதே போதும்.

ஆனால் நம் அக்கரப்பத்தனையே இந்த விதிக்கு அடங்கவில்லை. சிங்களத்தில் அதன் முன்பாதியில் இருப்பது மெல்லோசைக் 'க'. நாம் அதிலும் 'க்க' போட்டுவிட்டோம். அக்கரை, இக்கரை என்று கேட்டுப் பழகிய காது இழுத்திருக்கும் என்பது என் ஊகம்.

பண்டாரவளையில் வளையல் தேட வேண்டாம். அது 'வெல', வயல். பொகவந்தலாவையின் தலாவ, சமவெளி. நுவரெலியாவின் 'எலிய' என்பதற்குத் திறந்த வெளி என்றும் வெளிச்சம் என்றும் இரு பொருள் உண்டு. அங்கே மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் முதற்பொருளைத்தான் எடுப்பார்கள்.

பத்தனைக்கு வருவோம். காப்பிக் காலத்துத் துரைமார் காட்டு மண்ணையே தேடி வெட்டினார்கள். புல்வெளி மண்ணில் சத்தில்லை என்று பொதுவாக ஒதுக்கினார்கள். பிறகு வந்த தேயிலை மலையையே மூடியதால், பெயரில் மட்டும் புல் மிஞ்சிய ஊர்கள் உண்டு. நிஜப் புல்லைப் பார்க்க, அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போய், தேயிலை முடியும் இடத்தில் காட்டுக்குள் ஏற வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் அது. சிங்களத்தில் மஹா எலிய. அங்கே காற்றில் சாயும் புல்வெளிக்குத் தாவரவியலாளர்கள் ஆங்கிலத்திலும் வேறு பெயர் வைக்கவில்லை, 'பத்தனா' என்றே எழுதுகிறார்கள்.