‘அந்த நாள்’ - ஐவர் கண்ட ஒருவன்

1943ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் தமிழர் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அத்திங்களில் சென்னை நகரின்மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிற்று. கடாரம் என முன்னோர் வழங்கிய கெடா மாநிலத்தை ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்ததும், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை நிறுவியதும் அதே திங்களில்தான். சென்னையில் குண்டு விழுந்த அந்நாளை நடுவாகக் கொண்டு எழுந்ததே ‘அந்த நாள்’ என்னும் திரைப்படம்.

ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்த இப்படம் 1954 ஏப்ரலில் வெளிவந்தது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை வித்தகராகப் பெரும்புகழ் பெற்றவர். அப்போது அவருக்கு வயது 27. திரைக்கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமனுடையவை. துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் இது என்பர்.

படத்தின் தொடக்கத்திலேயே துப்பாக்கி ஒலிக்கிறது. ரேடியோ பொறியாளன் ராஜன் மாண்டு விழுகிறான். தலைமை நடிகராகிய சிவாஜி கணேசன் முதற்காட்சியிலேயே மடிவது அன்றைய மக்களுக்கு வியப்பளித்திருக்கும். மனைவி உஷா, தம்பி, தம்பி மனைவி, அயல்வீட்டார், ராஜனோடு உறவு கொண்டிருந்த பெண் ஆகிய ஐவர்மீதும் ஐயம் விழுகிறது. அவரவர் கூற்றில் தோன்றும் ராஜன் ஒருவனல்லன், வெவ்வேறு மனிதன்.

இவ்வுத்தி ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) தந்தது. படத்தின் ஒளியமைப்போ அமெரிக்க வழியைச் சார்ந்தது. நாற்பதுகளில் அமெரிக்காவில் எழுந்த குற்றப் படங்களைப் பிரெஞ்சு விமரிசகர்கள் 1946இல் ‘கரும்படம்’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். பில்லி வைல்டர் இயக்கிய ‘டபிள் இன்டெம்னிட்டி’ (1944) அவற்றுள் தலையாயது. அதில் குற்றவாளியே தன் குற்றத்தைக் கூறக் கதை பின்னோக்கிச் செல்லும். முகத்தின் ஒரு பாதியில் ஒளியும் மறுபாதியில் நிழலுமாகக் காட்டுவது இவ்வகைப் படங்களின் இயல்பு. மனிதன் முழுதும் நல்லவனுமல்லன், முழுதும் தீயவனுமல்லன் என்னும் கருத்தை அந்நிழலே உணர்த்திவிடுகிறது. ஒளிப்பதிவாளர் எஸ். மாருதி ராவ் இந்நெறியைத் தமிழில் திறம்படக் கையாண்டார்.

ராஜனின் கதையும் அத்தகையதே. எளியோரும் வாங்கத்தக்க மலிவான ரேடியோவைச் செய்ய அவன் கண்ட திட்டத்தை ஆள்வோர் புறக்கணித்தனர். மனம் கசந்தவன் ஜப்பானியருக்கு ஒற்றனானான். நாட்டுப்பற்று மிக்க உஷா (பண்டரிபாய்) அவனைத் திருத்த முயன்று தோற்றாள். முடிவில் அவள் கைத்துப்பாக்கியே வெடித்தது.

மலாயாத் தமிழர் இக்கதையை நோக்குமிடத்து ஓர் ஆழ்ந்த வினா எழும். ஜப்பானியர் துணையால் இந்தியா விடுதலை பெறும் என நம்பி இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோருள் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் பலர். அதே ஜப்பானியரால் தோட்டங்களினின்று சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழரோ பல்லாயிரவர். ஒரே குடும்பத்தில் இருவகையினரும் இருந்திருத்தல் கூடும். அவ்வாறாயின் ராஜனும் அப்படையினரும் ஒருநிலையினரா? அல்லர். படையினர் தம் உயிரைப் பணயம் வைத்து வெளிப்படையாகப் போர்புரிந்தனர். ராஜனோ தன் மக்களுக்கே மறைவாகத் தீங்கு சூழ்ந்தான். நம்பிக்கை ஒன்றேயாயினும் செயலால் இருவரும் வேறாவர்.

இப்படம் வந்த காலத்தில் வசூலில் தோற்றது. ஆயினும் 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் நற்சான்றிதழ் பெற்றது. இன்று தமிழ்த் திரையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

கேட்டதை அவ்வாறே கொள்ளாது மெய்ப்பொருளை ஆராய்ந்து காண்பதே அறிவு என்பது வள்ளுவர் கருத்து. அக்குறளை வகுப்பறையில் விளக்கப் புகும் ஆசிரியருக்கு, ஐவர் கூற்றுள் உண்மையைத் தேடும் இப்படம் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.