மலையில் காணும் பட்டுப்பூச்சி

பட்டு என்றவுடன் மல்பெரித் தோட்டமும் தட்டில் வளரும் புழுவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அப்புழு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் வளர்ப்பில் பழகியது. அதன் பூச்சிக்குப் பறக்கும் வலிமையும் இல்லை. ஆதலால், கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலைக்காட்டில் பட்டுப்பூச்சியைக் கண்டதாக ஒருவர் கூறினால், அது வேறு இனமே ஆகும். அதனை இனங்காணும் வகையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

தென்னிந்தியக் காட்டுப் பட்டுகளில் தறிக்குப் பயன்படுவது டசர். மருது, கருமருது, இலந்தை ஆகியவற்றின் இலையே இதன் புழுவுக்கு உணவு. ஆகவே முதலில் மரத்தைத் தேட வேண்டும். இலையுதிர்ந்த காலத்தில் கூடு காய்போலத் தொங்குவது தெரியும். முட்டை வடிவும், ஓடு போன்ற கடினமும் உடையது. மேலே ஒரு காம்பு நீண்டு, வளையமாகிக் கிளையைப் பற்றியிருக்கும். இக்காம்பே சிறந்த அடையாளம்.

பூச்சி இரவில் விளக்கை நாடி வரும். சிறகை விரித்தால் 12 முதல் 18 சென்டிமீட்டர் வரை இருக்கும். நான்கு சிறகிலும் கண்ணாடி போன்ற வட்டம் ஒவ்வொன்று உண்டு. ஆண் பெரும்பாலும் செம்பழுப்பு. அதன் உணர்கொம்பு அகன்ற சீப்பைப் போன்றது. பெண் மஞ்சள் அல்லது சாம்பல் நிறம், வயிறு பருத்தது. இரண்டும் உணவு கொள்வதில்லை. சில நாட்களில் இனம் பெருக்கி மடிந்துவிடும். வெளிர்பச்சைச் சிறகும் நீண்ட வாலும் உடையது நிலாப்பூச்சி. அழகிற் சிறந்தது, ஆயினும் நெசவுக்கு நூல் தருவதன்று.

கூட்டின் முனையில் துளையிருப்பின் பூச்சி வெளியேறிவிட்டது என்று பொருள். அதை எடுப்பதால் இனம் குறையாது. ஆனால் அதிலிருந்து நீண்ட இழையாக நூல் இழுக்க இயலாது. பஞ்சுபோல் நூற்க வேண்டும். துளையற்ற கூட்டினுள் உயிர் இருக்கக்கூடும். அவை அனைத்தையும் பறித்துவிட்டால் மறுபருவத்திற்கு விதை ஏது?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களில் டசரையும் பட்டுக்கூட்டையும் பெயர் குறித்தே சேர்த்துள்ளது. உரிமை பெற்ற மலைவாழ் மக்கள் அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் செய்யலாம். உடைமையை அறியாதவன் அதன் விலையையும் அறியான். ஆகவே கூடு கண்ட நாள், ஊர், மரம், துளை உண்டா இல்லையா என்பவற்றைச் சங்கத்தில் எழுதி வைப்போம். வியாபாரியிடம் விலை பேசுவது அதன் பின்னர் ஆகட்டும்.