நடையும் வீரமே!

எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. அங்கே வில்வீரன் ஓரிக்குச் சிலை உண்டு. சுமையோடு மலை நடக்கும் தோழனுக்குப் புகழ் உண்டா? "நடப்பதிலே என்ன வீரம்?" என்பார்க்குச் சொல்வோம்: தமிழகத்துக் கணபதி கிருஷ்ணன், 2016-ல் ரியோ ஒலிம்பிக்கிலே 20 கிலோமீட்டர் நடைப்போட்டியில் இறங்கினார்.

ஓட்டமல்ல அது! ஒரு பாதமேனும் நிலத்தில் இருக்கவேண்டும். முன்வைத்த கால், மண் தொட்டது முதல் செங்குத்தாகும்வரை முழங்கால் மடங்கக்கூடாது. தவறினால் நடுவர்கள் வெளியேற்றுவர். கணபதியும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். இழிவா அது? இல்லை! அதே தூரத்தை, அதே விதிக்கு அடங்கி, 2012-ல் இலண்டனிலே 1 மணி 20 நிமிடம் 21 நொடியில் நடந்து பத்தாமிடம் பெற்றாரே கேரளத்து இர்பான்!

மலை, கால்களுக்கு வலிமை தந்துவிட்டது. விதியைப் பழக்க ஓர் ஆசான், நடந்து பழக ஒரு திடல் — இவையே செம்மேட்டு இளைஞனுக்கு வேண்டும். கேட்போம்; பெறுவோம்!