பழைய கணினியும் கூடுதல் நினைவகமும்

1990களில் தயாரான மேசைக்கணினிகளைப் பாதுகாத்து வருவோரும், அக்காலத்து விளையாட்டுகளையும் மென்பொருள்களையும் அவற்றுக்குரிய இயந்திரங்களிலேயே இயக்கிப் பார்க்க விரும்புவோரும் முதலில் கைவைப்பது பெரும்பாலும் நினைவகத்தில்தான். கணினி இயங்கும்போது தரவுகளைத் தற்காலிகமாகத் தாங்கி நிற்கும் இந்த ராம், 32 மெகாபைட்டிலிருந்து 256 மெகாபைட்டாக உயர்ந்தால் வேகமும் அதற்கேற்பக் கூடும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் நினைவகப் பலகை ஸ்லாட்டில் சரியாக அமர்வது ஒன்று, கணினி அதை முழு அளவில் அறிந்துகொள்வது வேறொன்று, அதனால் பயன் விளைவது இன்னொன்று. இம்மூன்றையும் பெரிதும் தீர்மானிப்பது செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே நின்று போக்குவரத்தை நடத்தும் சிப்செட் என்னும் சில்லுத் தொகுதியாகும்.

செயலி ஒரே வேளையில் எத்தனை பிட் தரவைக் கேட்கிறதோ அத்தனை பிட்டையும் சேர்ந்து வழங்கக்கூடிய பலகைகளின் தொகுதி ‘பேங்க்’ எனப்படும். அது நிரம்பாவிட்டால் கணினி தொடங்குவதே இல்லை. கைப்பேசி அட்டையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ‘சிம்’ என்னும் பழைய நினைவகப் பலகைகளுள் 30 பின் கொண்டது 8 பிட் அகலமே உடையதாதலால், 32 பிட் பாதை கொண்ட 486 கணினியில் அவற்றை ஒரே அளவில் நான்கு நான்காகச் செருக வேண்டியிருந்தது. பின்னர் வந்த 72 பின் சிம் 32 பிட் அகலம் பெற்றதால் 486க்கு ஒன்றே போதுமாயிற்று. ஆனால் பென்டியம் செயலியின் தரவுப் பாதை 64 பிட்டாக விரிந்ததால், பெரும்பாலான பென்டியம் தாய்ப்பலகைகளில் அவை இரண்டிரண்டாகவே இயங்கின. 64 பிட் அகலமுள்ள 168 பின் ‘டிம்’ பலகை வந்த பிறகே ஒற்றைப் பலகையைத் தனியாகச் செருகும் வசதி பொதுவாயிற்று.

வடிவம் ஒத்திருந்தாலும் வகை வேறுபடலாம் என்பது அடுத்த சிக்கல். எஃப்.பி.எம்., ஈ.டி.ஓ. ஆகிய இரு வகைகளும் ஒரே 72 பின் வடிவில் விற்கப்பட்டன, இவற்றுள் ஈ.டி.ஓ., அடுத்த முகவரிக்கான வேலை தொடங்கிய பின்னும் முந்தைய தரவைச் சற்று நேரம் வெளியீட்டில் நிறுத்திவைப்பதன் வழியாக வேகம் தருவது. அந்த நடத்தையை எதிர்பார்த்து வடிவமைக்கப்படாத 486 தாய்ப்பலகைகள் பலவற்றில் ஈ.டி.ஓ. பலகை ஸ்லாட்டில் அமர்ந்தாலும் ஒழுங்காக இயங்குவதில்லை.

பலரையும் குழப்புவது சில்லுகளின் அடர்த்தி, அதாவது ஒரு சில்லு தாங்கும் பிட்டுகளின் அளவு. 1998இல் இன்டெல் வெளியிட்டு, பென்டியம் 2, பென்டியம் 3 கணினிகளில் பெரிதும் பரவிய 440 பிஎக்ஸ் சிப்செட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். நினைவகச் சில்லின் உள்ளே தரவுகள் வரிசைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்க 8 பிட் அகலமுள்ள 128 மெகாபிட் சில்லுக்கு 12 முகவரி பிட்டுகள் தேவை, அதே அகலமுள்ள 256 மெகாபிட் சில்லுக்கோ 13 தேவை. 440 பிஎக்ஸ் சிப்செட்டுக்கு 128 மெகாபிட்டே எல்லையாதலால், பதின்மூன்றாவது பிட்டை அது அனுப்புவதில்லை. ஆகவே 128 மெகாபிட் சில்லுகள் பதினாறு கொண்ட 256 மெகாபைட் பலகை அதில் முழுமையாக இயங்கும். 256 மெகாபிட் சில்லுகள் எட்டு மட்டுமே கொண்ட 256 மெகாபைட் பலகையோ பாதியாக, அதாவது 128 மெகாபைட்டாகவே கணக்கில் வரும். இரண்டின் மீதும் ஒட்டப்பட்டிருக்கும் அளவு ஒன்றே. பிந்தையது புதியதாகவும் எளிதில் கிடைப்பதாகவும் இருப்பதால்தான் வாங்குவோர் ஏமாறுகின்றனர். சிப்செட் புதியதானால் எல்லா எல்லைகளும் விரிந்துவிடும் என்றும் கொள்ள இயலாது. 2000இல் வந்த இன்டெல் 815, 256 மெகாபிட் சில்லுகளை ஏற்றபோதும் மொத்த நினைவகத்தை 512 மெகாபைட்டோடு நிறுத்திக்கொண்டது. நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட 440 பிஎக்ஸ் தாய்ப்பலகையோ 1 கிகாபைட் வரை தாங்கும்.

கணினி முழுமையாக ஏற்றுக்கொண்ட நினைவகமும் வேகத்தைக் குறைக்கக்கூடும். 1997இல் வந்த இன்டெல் 430 டிஎக்ஸ் சிப்செட் 256 மெகாபைட் வரை ஏற்கும். ஆனால் அடிக்கடி வேண்டப்படும் தரவுகளை விரைந்து வழங்குவதற்காகத் தாய்ப்பலகையில் அமைந்த கேஷ் என்னும் சிறு நினைவகம், முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டுமே துணைபுரிகிறது. விண்டோஸ் 95, 98 ஆகியவை நினைவகத்தை உயர்ந்த முகவரிகளிலிருந்து கீழ்நோக்கிப் பயன்படுத்துவதால், 64 மெகாபைட்டைத் தாண்டிச் சேர்த்த பகுதியே முதலில் வேலைக்கு வந்து, கேஷின் துணையின்றித் தளர்ந்து இயங்குகிறது. இயங்குதளத்துக்கும் தனக்கென ஓர் எல்லை உண்டு. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் விண்டோஸ் 98, கோப்புகளுக்கான இடைச்சேமிப்பை அளவுக்கு மீறி வளர்த்து, நினைவகம் போதவில்லை என்ற முரணான அறிவிப்பைக் காட்டக்கூடும், சிஸ்டம்.ஐஎன்ஐ என்னும் அமைவுக் கோப்பில் அந்த இடைச்சேமிப்புக்கு வரம்பிட்டால் அது நீங்கும்.

எனவே நினைவகம் வாங்குவதற்கு முன் சிப்செட்டின் பெயரை அறிந்து, தாய்ப்பலகையின் கையேட்டில் அது ஏற்கும் வகை, உயர்ந்த அளவு, சில்லு அடர்த்தி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நினைவகப் பலகையிலுள்ள சில்லுகளை எண்ணி, மெகாபைட் அளவை எட்டால் பெருக்கிச் சில்லுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு சில்லின் அடர்த்தியும் மெகாபிட்டில் கிடைத்துவிடும். பிழைகாண் சில்லு சேர்ந்த பலகையில் எட்டுக்கு ஒன்று வீதம் கூடுதலாக இருக்கும்; கணக்கிடும்போது அதை நீக்கிவிட வேண்டும். செருகிய பின் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலைச் சில மணிநேரம் ஓடவிடுவது, மறைந்திருக்கும் பழுதுகளையும் காட்டிவிடும். முன்னர்ச் சொன்ன கேஷ் எல்லையின்படி பார்த்தால், 430 டிஎக்ஸ் தாய்ப்பலகையில் விண்டோஸ் 95 இயக்குவோருக்கு 64 மெகாபைட்டே நிறைவான அளவு; அதற்கு மேல் செலவிடும் பணம் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைக்கவே வாய்ப்பு அதிகம்.