பை மேல் பழி

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததுமே பிள்ளைமேல் எரிந்து விழுகிறோம். ஏன் என்று கேட்டால், "பை நடுவழியில் கிடக்குது, பாரு" என்கிறோம். அது தினமும் அங்கேதான் கிடக்கிறது. மேலதிகாரியிடம் மதியம் வாங்கிய திட்டுதான் இப்போது பிள்ளை தலையில் இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், நாம் பொய் சொல்லவில்லை. பைதான் காரணம் என்று மனதார நம்புகிறோம்.

இப்படி நமக்கே தெரியாமல் நம்மை இயக்கும் நனவிலி மனம் என்றதும் பலருக்கு ஃப்ராய்டும் கனவும் நினைவுக்கு வரும். அவ்வளவு ஆழம் தோண்ட வேண்டாம், ஒரு கடையே போதும். அமெரிக்காவில் நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். 1977இல் அந்த ஆய்வு வெளியானது. நான்கும் ஒரே சரக்கு. ஆனாலும் வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். இடது கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேர்தான். வைத்திருந்த இடத்தை யாருமே காரணமாகச் சொல்லவில்லை. "இடம்தான் காரணமாக இருக்குமோ?" என்று கேட்டவரை, 'இவருக்குப் புத்தி சரியில்லையோ' என்பதுபோலப் பார்த்தார்களாம்.

நம் காரணமே நமக்குத் தெரியாதென்றால், செய்ததற்கு எப்படிப் பொறுப்பாவது?

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? கனடாவில் 1987இல் ஒருவர் தூக்கத்திலேயே 23 கிலோமீட்டர் காரோட்டிப் போய் மாமியாரைக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1992இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. செய்தபோது அவர் விழிப்பிலேயே இல்லை. ஆனால் தானாகவே குடித்துவிட்டு ஒருவரை அடித்தவர், "போதையில் தெரியவில்லை" என்றால் நம் சட்டம் லேசில் விடாது. குடித்தது தெரிந்துதானே?

வீட்டுக் கோபம் இந்த இரண்டாவது வகைக்குத்தான் கிட்டத்தில் வரும். முதல் தடவை தெரியாமல் நடந்திருக்கலாம். "ஆபீஸ் கோபத்தைப் பிள்ளைகிட்ட காட்டாதீங்க" என்று மனைவி சொன்ன பிறகு, தெரியாது என்ற சாக்கு செல்லாது. கோபம் வருவதை நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்று யாரிடம் திட்டு வாங்கினோம் என்று ஒரு நிமிடம் யோசிக்க முடியும்.

நேற்று திட்டியிருந்தால், இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: தப்பு பைமேல் இல்லை.