கைடிலிருந்து கதைக்கு

தமிழ்வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலக் கதை என்றால் ‘நான்-டீடெய்ல்’ புத்தகம்தான். ஷேக்ஸ்பியரும் டிக்கன்ஸும் சுருங்கிய வடிவில் அதில்தான் எங்களிடம் வந்தார்கள். அதைக் கதையாகப் படித்தவர்கள் குறைவு. ஆசிரியர் ஒரு பத்தி வாசித்துத் தமிழில் பொருள் சொல்வார். நாங்கள் தெரியாத சொற்களுக்கு மேலே பென்சிலால் அர்த்தம் எழுதிக்கொள்வோம். பக்கம் நிறையப் பென்சில் எழுத்து சேர்ந்துவிடும், கதை கைநழுவிவிடும். கைடில் இருந்த கட்டுரையை உருப்போட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இத்தனைக்கும், எளிய நூல்களை நிறையப் படிக்கவைக்கும் வழிக்கு அடித்தளம் போடப்பட்ட இடங்களில் ஒன்று நம் துணைக்கண்டம். 1920களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். புதுச் சொற்கள் அடுத்தடுத்துக் குவிவதால்தான் வங்காள மாணவர்கள் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று அவர் கண்டார். அரிதான சொற்களை எடுத்துவிட்டு, புழக்கத்தில் உள்ளவற்றை வைத்து, புதியவற்றை இடைவெளி விட்டு நுழைத்து வாசிப்பு நூல்கள் எழுதினார்.

இன்று அப்படிப்பட்ட நூல்கள் படிநிலை வாரியாகவே கிடைக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலைக்கு 400 அடிப்படைச் சொற்கள் போதும். ஆறாம் நிலைக்கு 2,500. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில், நிலைவாரியாகப் பிரித்த கதைகளைக் கைப்பேசியிலேயே காசில்லாமல் படிக்கலாம்.

நமக்கேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதும் எளிது. 100 சொற்களில் இரண்டு மூன்றுக்கு மேல் தெரியவில்லையா? ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். அகராதியைத் தொடாமல் கதையோடு ஓட முடிகிற புத்தகமே சரியான புத்தகம். ஒரே சொல் வெவ்வேறு கதைகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும்போது தானாகவே மனதில் தங்கிவிடும். 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகளில் வகுப்புக்குச் சுமார் 250 கதைப்புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் ஆங்கில வாசிப்புத் திறன் வழக்கத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது.

புத்தகம் மாறிவிட்டது, நம் மனப்பான்மைதான் முழுதாக மாறவில்லை. “எட்டாவது படிக்கிறவன் இன்னுமா இந்தச் சின்னப் புத்தகத்தைப் படிக்கிறான்?” என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உண்டு. கதை முடிந்த கையோடு கேள்வி-பதில் எழுதவைக்கும் வகுப்புகளும் உண்டு. எளிய புத்தகத்தைப் படிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. கடினமான ஒன்றோடு வருடம் முழுக்க மல்லுக்கட்டுவதைவிட, எளிய இருபதை முடிக்கும் பிள்ளைக்கே ஆங்கிலம் வசப்படும். வாரத்தில் ஒரு பீரியடாவது, தேர்வு, கேள்வி என்று எதுவும் இல்லாமல், பிடித்த கதையைப் படிக்கப் பிள்ளைகளை விட்டுவிடுவோம்.